தொலைநோக்கியில் வானம் பார்க்கலாம்: பொது வான்நோக்கு நிகழ்ச்சிகள் குறித்த சந்தேகங்களும் விளக்கங்களும்

பள்ளி மைதானம், கடற்கரை, பூங்கா, மொட்டை மாடி எனப் பல இடங்களில் ஆர்வலர்கள் தொலைநோக்கி நிறுத்தி, வருவோர் அனைவருக்கும் நிலவையும் கோள்களையும் காட்டும் நிகழ்ச்சிகள் தமிழகத்தில் பரவி வருகின்றன. கிரகண நாட்களில் மட்டுமே இத்தகைய நிகழ்ச்சி நடக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். யார் நடத்துகிறார்கள், எந்த நாளில் செல்வது, எது தெரியும், எது தெரியாது என்பன போன்ற சந்தேகங்களுக்கான விளக்கங்கள் வருமாறு.

இந்த நிகழ்ச்சிகளை நடத்துவது அரசா, தனியாரா?

பெரும்பாலும் நடத்துபவர்கள் அமெச்சூர் வானியல் சங்கத்தினர். அதாவது ஆசிரியர், பொறியாளர், மாணவர், வங்கி ஊழியர் எனப் பிற வேலைகளில் இருந்துகொண்டு, சொந்த ஆர்வத்தில் வானியல் கற்றவர்கள். இவர்கள் தவிர, 1980-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கம், கல்லூரிகளின் இயற்பியல் துறைகள், அறிவியல் மையங்கள், கோளரங்கங்கள் ஆகியவையும் தனித்தோ சங்கங்களுடன் சேர்ந்தோ நடத்துகின்றன.

கட்டணம் உண்டா? முன்பதிவு வேண்டுமா?

பொது இடத்தில் நடக்கும் நிகழ்ச்சிகள் பொதுவாக இலவசம். ஊருக்கு வெளியே இரவு முழுவதும் தங்கி நடத்தும் முகாம்களுக்கு உணவு, பயணம், தங்குமிடத்துக்காகத் தொகை பெறப்படும். இவற்றுக்கு முன்பதிவும் தேவைப்படும். தொகை சங்கத்துக்குச் சங்கம் மாறும் என்பதால், எவற்றுக்கெல்லாம் சேர்த்து அந்தத் தொகை என்பதை முன்பே கேட்டறிவது நல்லது.

அறிவியல் படிக்காதவர்கள் வரலாமா? குழந்தைகளை அழைத்து வரலாமா?

கல்வித் தகுதியோ வயது வரம்போ கிடையாது. மிகச் சிறு குழந்தைகளுக்கு ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பது கடினம். நிலவு பெரியதாகத் தெரிவதால் அதிலிருந்து தொடங்குவது அவர்களுக்கு எளிது. முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் முன்கூட்டியே தெரிவித்தால், உயரம் குறைவான தொலைநோக்கியை ஒதுக்கித் தர இயலும்.

எந்த நாளில் சென்றால் நிலவு நன்றாகத் தெரியும்? பௌர்ணமிதானே சிறந்த நாள்?

இல்லை. பௌர்ணமியன்று சூரிய ஒளி நிலவின் முகத்தில் நேராக விழுவதால் பள்ளங்களுக்கும் மலைகளுக்கும் நிழல் இராது; தொலைநோக்கியில் நிலவு தட்டையாகவும் கண் கூசும் வெண்மையாகவும் தெரியும். வளர்பிறையில் பஞ்சமி முதல் தசமி வரை, குறிப்பாகச் சப்தமி, அஷ்டமி ஆகிய நாட்களே சிறந்தவை. அப்போது இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டருகே ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நீண்ட நிழலுடன் எழுந்து நிற்கும். நிலவு மாலையிலேயே உயரத்தில் இருப்பதால் நள்ளிரவு வரை காத்திருக்கவும் வேண்டாம்.

அப்படியானால் சில நிகழ்ச்சிகளை அமாவாசையை ஒட்டி வைப்பது ஏன்?

அவை நிலவுக்கான நிகழ்ச்சிகள் அல்ல. விண்மீன் கூட்டங்கள், ஒண்முகில்கள், பிற விண்மீன் மண்டலங்கள் ஆகியவற்றின் மங்கலான ஒளியை நிலவொளி மறைத்துவிடும். எனவே அவற்றைக் காட்டுவோர் அமாவாசையை ஒட்டிய இரவையும், ஜவ்வாது மலை போன்ற இருண்ட இடங்களையும் தேர்ந்தெடுக்கின்றனர்.

சென்னை, கோவை போன்ற நகரங்களில் வெளிச்சம் அதிகம். அங்கு நிகழ்ச்சி நடத்திப் பயன் உண்டா?

உண்டு. நிலவு, வெள்ளி, வியாழன், சனி ஆகியவற்றின் ஒளி தெருவிளக்கு வெளிச்சத்தை மீறித் தெரியும் அளவுக்கு வலுவானது; நகர மொட்டை மாடியிலும் அவற்றைத் தெளிவாகப் பார்க்க முடியும். நகரத்தில் இழப்பது பால்வழி மண்டலத்தையும் மங்கலான விண்மீன்களையும்தான். அந்த இழப்பு சிறியதன்று: இருண்ட இடத்தில் வெறும் கண்ணுக்கு ஒரே நேரத்தில் சுமார் 2,000 விண்மீன்கள் தெரியும் என்றால், பெருநகர நடுவில் அவற்றில் சில பத்து மட்டுமே மிஞ்சுகின்றன.

எந்த மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும்?

தமிழகத்தில் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாலைகள் மிகவும் நம்பகமானவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை மேகமும் இடிமழையும் குறுக்கிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காற்றிலுள்ள தூசு அடங்கி வானம் மிகத் தெளிவாகிவிடுவதும் உண்டு.

ஒருவருக்கு எவ்வளவு நேரம் பார்க்கக் கிடைக்கும்?

கூட்டம் அதிகமென்றால் 20 முதல் 30 நொடிகள். ஒரு தொலைநோக்கி முன் 200 பேர் நின்று, ஆளுக்கு 30 நொடி என்றால், அந்த வரிசை முடியவே 100 நிமிடம் ஆகும். தொடக்கத்தில் வந்து ஒரு முறையும், கூட்டம் குறைந்த பின் மறுமுறையும் பார்ப்பவர்களே நிறையக் காண்கிறார்கள். மங்கலான பொருளை உற்றுநோக்கப் பழகக் கண்ணுக்குச் சில நிமிடங்கள் தேவைப்படும்.

தொலைநோக்கியை அடிக்கடி நகர்த்திக்கொண்டே இருப்பது ஏன்?

பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கே நகர்வதுபோல் தோன்றும். ஒரு பாகை அகலப் பார்வைப் பரப்பு கொண்ட தொலைநோக்கியில் ஒரு பொருள் சுமார் 4 நிமிடத்தில் விளிம்பைக் கடந்துவிடும். உருப்பெருக்கம் கூடக் கூட இந்த நேரம் சுருங்கும். மோட்டார் பொருத்திய தாங்கிகள் தாமாகவே பின்தொடரும்; மற்றவற்றைக் கையால் தள்ளிச் சரிசெய்ய வேண்டும்.

புகைப்படங்களில் காணும் வண்ணங்கள் தொலைநோக்கியிலும் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது, முதன்முறை வருவோர் ஏமாற்றமடைவது இங்கேதான். புகைப்படக் கருவி பல நிமிடங்கள், சில வேளைகளில் பல மணி நேரம் ஒளியைச் சேமித்துப் படம் தருகிறது. கண்ணால் அப்படிச் சேமிக்க இயலாது; மங்கிய ஒளியில் நிறம் உணரும் செல்கள் வேலை செய்வதுமில்லை. எனவே ஓரியன் ஒண்முகில் சாம்பல் நிறப் புகைபோலவே தெரியும். ஆனால் அது திரையில் வரும் படமன்று: சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்ட ஒளியே கண்ணுக்குள் நேராக விழுகிறது. வியாழனின் பட்டைகள், சனியின் மஞ்சள் சாயல், சில விண்மீன்களின் செம்மை ஆகியவற்றை மட்டும் கண்ணாலேயே உணரலாம்.

நிலவில் அமெரிக்கக் கொடியோ சந்திரயான்-3-இன் விக்ரம் தரையிறங்கு கலனோ தெரியுமா?

தெரியாது. நிகழ்ச்சிகளில் பயன்படும் 8 அங்குலத் தொலைநோக்கியில், நல்ல வானிலையில், நிலவில் சுமார் 2 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் வரை காண முடியும். கலனின் அளவோ சில மீட்டர்தான். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியாலும் இவற்றைக் காண முடியாது. சந்திரயான்-3 இறங்கிய தென்துருவப் பகுதியின் திசையை மட்டும் சுட்டிக்காட்ட இயலும். 2023 ஆகஸ்ட் 23-இல் நிகழ்ந்த அந்தத் தரையிறக்கத்தின் நினைவாகவே ஆண்டுதோறும் அதே நாள் தேசிய விண்வெளி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சனிக்கோளின் வளையத்தை எப்போது பார்க்கலாம்?

சுமார் 30 மடங்கு உருப்பெருக்கமே வளையத்தைக் காட்டப் போதும். 2025 மார்ச்சில் வளையங்கள் பூமிக்கு விளிம்பைக் காட்டியபடி இருந்ததால் கோடுபோல் மெலிந்தன. அதன் பின் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக விரிந்து வருகின்றன. 2026-இல் சனி சூரியனுக்கு நேர் எதிரே அமைந்து இரவு முழுவதும் தெரியும் நாள் அக்டோபர் 4. அதன் பின் பருவமழை குறுக்கிட்டாலும், 2027 ஜனவரி வரை மாலை வானில் சனியைக் காண வாய்ப்பு உண்டு.

வியாழனும் செவ்வாயும்?

இவ்விரண்டும் 2027 பிப்ரவரியில் சூரியனுக்கு எதிர்ப்புறம் அமைகின்றன. வியாழனும், கலிலியோ 1610-இல் கண்ட அதன் நான்கு நிலவுகளும் சிறு தொலைநோக்கியிலேயே தெரியும். இரண்டு மணி நேர இடைவெளியில் பார்த்தாலே நிலவுகள் இடம் மாறியிருப்பதை உணரலாம். செவ்வாய் இம்முறை சற்றுத் தொலைவிலேயே இருப்பதால் சிறிய செந்நிற வட்டமாக மட்டுமே தென்படும்.

தொலைநோக்கி எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும்? அதிக மடங்கு என்றால் சிறந்ததா?

உருப்பெருக்கத்தைத் தீர்மானிப்பது கண்ணருகு லென்ஸ். அதை மாற்றினால் மடங்கும் மாறும். 1,200 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள கருவியில் 25 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் 48 மடங்கு, 10 மில்லிமீட்டர் போட்டால் 120 மடங்கு. கருவியின் தரத்தைச் சொல்வது முன்புற ஆடி அல்லது லென்ஸின் விட்டம்தான். விட்டத்தின் மில்லிமீட்டர் அளவைப் போல் இரு மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் படம் கலங்கிவிடும். 60 மில்லிமீட்டர் கருவியின் பெட்டியில் ‘500 மடங்கு’ என்று அச்சிட்டிருந்தால் அதை நம்ப வேண்டியதில்லை.

மரப்பெட்டி மேல் பீரங்கிபோல் நிற்கும் தொலைநோக்கி எது?

அது டாப்சோனியன் வகை. சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன், ஒட்டுப்பலகை, அட்டைக் குழாய், கப்பல் சன்னல் கண்ணாடி போன்ற மலிவான பொருட்களைக் கொண்டு இந்த அமைப்பை உருவாக்கினார். மடத்தைவிட்டு வெளியேறியபின், 1968-இல் நடைபாதையில் தொலைநோக்கி வைத்து வழிப்போக்கர்களுக்கு வானம் காட்டும் குழு அவரைச் சுற்றி உருவானது. இன்று உலகெங்கும் தெருவோரத்தில் நடக்கும் வான்நோக்கு நிகழ்ச்சிகளுக்கு அந்த நடைபாதையே முன்னோடி.

மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் எப்படிப் பார்ப்பது? கைபேசியில் படம் எடுக்கலாமா?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குவியத் திருகைச் சரிசெய்து பார்க்கலாம். சிதறல் பார்வை அதிகமிருந்தால் கண்ணாடியுடனே பார்ப்பது நல்லது. நிலவைக் கைபேசியில் படமெடுக்க, கேமராவைக் கண்ணருகு லென்ஸுக்கு நேராகப் பிடித்தால் போதும். கருவியைப் பிடித்து ஊன்றக் கூடாது. சிறு அசைவிலும் பொருள் பார்வையைவிட்டு விலகிவிடும்.

டார்ச் விளக்கை அணைக்கச் சொல்வது ஏன்?

கண் இருளுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். வெள்ளை ஒளி ஒரு முறை பட்டாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும். சிவப்பு ஒளி அவ்வளவாகக் கலைக்காது என்பதால், விளக்கின் மேல் சிவப்பு நிறத் தாளை ஒட்டி வருவது வழக்கம். விண்மீன்களைச் சுட்டிக்காட்ட அமைப்பாளர்கள் பயன்படுத்தும் பச்சை லேசரைக் குழந்தைகள் கையில் தரக் கூடாது. விமானத்தை நோக்கியோ ஒருவர் கண்ணை நோக்கியோ காட்டுவது ஆபத்து.

அருந்ததி, கார்த்திகை, ரோகிணி ஆகியவற்றையும் காட்டுவார்களா?

காட்டுவார்கள், தமிழகத்தில் பார்வையாளர்கள் அதிகம் கேட்பவையும் இவைதான். மார்ச் முதல் ஜூன் வரை மாலையில் வடக்கே தெரியும் சப்தரிஷி மண்டலத்தில், வசிட்டரை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. தொலைநோக்கியில் வைத்தால் வசிட்டரே இரு விண்மீன்களாகப் பிரிவதைக் காணலாம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் கண்ணுக்கு ஆறு தெரிந்தால், பைனாகுலரில் பல பத்து விண்மீன்கள் தெரியும். அதன் அருகே செந்நிறமாக ஒளிர்வது ரோகிணி, ஓரியன் வடிவின் தோளில் சிவந்து நிற்பது திருவாதிரை. பிறந்த நட்சத்திரத்தின் பெயரை நாள்தோறும் சொல்லும் ஒருவர் அதை வானில் முதன்முதலாக நேரில் காண்பது இந்த நிகழ்ச்சிகள் தரும் அரிய பயன்களுள் ஒன்று.

இங்கு ஜாதகம், ராசிபலன் குறித்துக் கேட்கலாமா?

இல்லை. விண்மீன்களின் பெயர்கள் இரு துறைக்கும் பொதுவாக இருந்தாலும், வானியல் சங்கங்கள் கோள்களின் இயக்கம், தொலைவு, அமைப்பு ஆகியவற்றை மட்டுமே விளக்குகின்றன.

வெளிநாடுகளில் தெரியாத எதுவும் தமிழகத்தில் தெரியுமா?

தெரியும். தமிழகம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்துடன் தென்வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து புலப்படுகிறது. அகத்தியர் விண்மீன், தெற்குச் சிலுவை, லட்சக்கணக்கான விண்மீன்கள் திரண்ட ஒமேகா சென்டாரி கொத்து ஆகியவற்றை ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து பார்க்கவே முடியாது. ஏப்ரல், மே மாத இரவுகளில், தெற்கே மறைப்பில்லாத இடமாக இருந்தால், தெற்குச் சிலுவையும் ஒமேகா சென்டாரியும் நன்கு தெரியும்.

பகலில் நிகழ்ச்சி நடக்குமா? சூரியனைப் பார்ப்பது ஆபத்தில்லையா?

முறையான சூரிய வடிகட்டியைத் தொலைநோக்கியின் முன்புறம் பொருத்தினால் சூரியப் புள்ளிகளைப் பாதுகாப்பாகக் காணலாம். வடிகட்டி இல்லாத தொலைநோக்கியிலோ பைனாகுலரிலோ சூரியனைப் பார்த்தால் நொடிப்பொழுதில் பார்வை பறிபோகும். கிரகணக் கண்ணாடி அணிந்துகொண்டு தொலைநோக்கிக்குள் பார்ப்பதும் அதே அளவு ஆபத்தானது. எக்ஸ்ரே படச்சுருள், புகை படிந்த கண்ணாடி, குறுந்தகடு ஆகியவை பாதுகாப்பானவை அல்ல. இவை தவிர, சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிழலில்லா நாளும் பகல் நிகழ்ச்சியாக நடத்தப்படுகிறது. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி நண்பகலில், செங்குத்தாக நட்ட குச்சியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கும்.

அடுத்த கிரகணங்கள் எப்போது?

2027 ஆகஸ்ட் 2-இல் ஸ்பெயின் முதல் எகிப்து, சவூதி அரேபியா வரை முழுமையாகத் தெரியும் சூரிய கிரகணம், தமிழகத்தில் மாலையில் பகுதி கிரகணமாகத் தெரியும். 2028 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு பிறப்பதற்குச் சற்று முன், முழு சந்திர கிரகணம் நிகழும். அதன் நடுப்பகுதி இந்திய நேரப்படி இரவு சுமார் 10.22 மணி. கோவை, திண்டுக்கல் உள்ளிட்ட ஊர்களில் 2019 டிசம்பர் 26-இல் கண்டதைப் போன்ற வளைய சூரிய கிரகணம் 2031 மே 21-இல் கேரளம், தென் தமிழகம் வழியே செல்லும்.

கிரகண நேரத்தில் கர்ப்பிணிகள் வரலாமா? சாப்பிடலாமா?

கிரகணம் என்பது நிழல் விழும் நிகழ்வு. அதிலிருந்து புதிய கதிர்வீச்சு எதுவும் வெளிப்படுவதில்லை. கருவுக்கோ உணவுக்கோ அதனால் தீங்கு நேர்வதாக அறிவியல் சான்று இல்லை. சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் எவரும் பார்க்கலாம். சூரிய கிரகணத்துக்கு மட்டுமே வடிகட்டி தேவை.

எரிகல் மழைக்குத் தொலைநோக்கி வேண்டுமா?

வேண்டாம்; தொலைநோக்கி வானத்தின் மிகச் சிறு பகுதியையே காட்டுவதால் அது தடையாகவே இருக்கும். டிசம்பர் 13, 14 இரவுகளில் உச்சம் பெறும் ஜெமினிட் எரிகல் பொழிவு தமிழகத்துக்கு ஏற்றது. மேகம் இல்லையென்றால், இருண்ட இடத்தில் பாய் விரித்துப் படுத்துப் பார்த்தாலே போதும்.

காவலூர் வானாய்வகத்தில் பொதுமக்கள் பார்க்கலாமா?

திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பது வழக்கம். 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி ஆய்வுக்கானது என்பதால் அதைச் சுற்றிப் பார்க்க மட்டுமே இயலும். வானத்தைக் காட்டச் சிறு தொலைநோக்கி பயன்படும். நேரமும் அனுமதி விதிகளும் மாறக்கூடியவை. எனவே பெங்களூருவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்த பின்னரே புறப்படுவது முறை.

கோளரங்கக் காட்சிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சென்னை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் போன்றவற்றில் குவிமாடத் திரையில் செயற்கை வானம் காட்டப்படுகிறது. மழையிலும் பகலிலும் காட்சி நடக்கும், நுழைவுக் கட்டணமும் உண்டு. வான்நோக்கு நிகழ்ச்சியில் காண்பது உண்மையான வானம்.

சங்கத்தில் சேரத் தொலைநோக்கி வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை, சங்கத்தின் கருவிகளையே உறுப்பினர்கள் கற்றுப் பயன்படுத்தலாம். முதல் ஓராண்டு வெறும் கண்ணாலும் 10×50 வகை பைனாகுலராலும் வானத்தைப் பழகிய பின் தொலைநோக்கி வாங்குவோர் பணத்தை வீணாக்குவதில்லை. தொலைநோக்கி வைத்திருக்கத் தனி உரிமம் எதுவும் தேவையில்லை.

பொழுதுபோக்காளர்களின் பார்வையால் ஆய்வுக்குப் பயன் உண்டா?

உண்டு. ஒளி கூடிக் குறையும் மாறுவிண்மீன்களைக் கண்காணிப்பது, எரிகற்களை எண்ணுவது, குறுங்கோள்கள் விண்மீன்களை மறைக்கும் கணத்தைப் பதிவதெல்லாம் இன்றும் ஆர்வலர்களை நம்பியே நடக்கின்றன. வங்காளத்தின் ஜெஸ்ஸூரில் கருவூல ஊழியராக இருந்த ராதா கோவிந்த சந்திரா, 37,000-க்கும் மேற்பட்ட மாறுவிண்மீன் பதிவுகளை, அவ்வகை விண்மீன்களை நோக்குவோரின் அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பினார். அந்தச் சங்கம் அவருக்கு 1926-இல் இரவலாக அனுப்பிய 6 அங்குலத் தொலைநோக்கி, பின்னாளில் வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு வந்து காவலூரை அடைந்தது.

ஒரு பள்ளியில் இந்த நிகழ்ச்சியை நடத்த என்ன செய்ய வேண்டும்?

வளர்பிறை சப்தமியை ஒட்டிய நாளைக் குறித்து, அருகிலுள்ள வானியல் சங்கத்தையோ அறிவியல் இயக்கக் கிளையையோ சில வாரங்களுக்கு முன்பே அணுக வேண்டும். மைதானத்தில் மேற்கும் தெற்கும் மறைப்பின்றி இருப்பதும், சுற்றியுள்ள விளக்குகளை அணைக்க முடிவதும் முக்கியம். மாலை நிகழ்ச்சி என்பதால் மாணவர்கள் வீடு திரும்பும் ஏற்பாட்டையும், பெற்றோர் ஒப்புதலையும் பள்ளி நிர்வாகமே உறுதிசெய்ய வேண்டும்.

அன்று மேகம் மூடிவிட்டால்?

நிகழ்ச்சி தள்ளிவைக்கப்படலாம், அல்லது கருவி விளக்கமும் உரையுமாக மாற்றப்படலாம். நிலவுக்காக என்றால் அடுத்த ஓரிரு நாட்களிலோ அடுத்த மாத வளர்பிறையிலோ மாற்று நாளை அழைப்பிதழிலேயே குறிப்பிட்டுவிடுவது நல்ல வழக்கம். புறப்படும் முன் அமைப்பாளரிடம் மாலை 5 மணி அளவில் ஒரு முறை உறுதிசெய்துகொண்டால் வீண் அலைச்சல் இராது.